பொருள்: மறு: "அணுக்குளிர்காலம்" சரிதானா? "புகைக்குளிர்வு" பார்க்கலாமா?

குழுவினர்க்கு வணக்கம். அணுப்போரில் எரியும் நகரங்களின் புகை வெயிலை மறைத்துப் பூமியையே குளிரவைக்கும் என்கிறார்களே, ஆங்கிலத்தில் nuclear winter, அதற்கான தமிழ்க் கலைச்சொல் பற்றித்தான் பேச்சு.

> அணுக்குளிர்காலம் என்றே வைத்துக்கொள்ளலாம். பத்திரிகைகளில் பழகிவிட்டது.

பழகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன் தம்பி. ஆனால் சென்னையில் குளிர்காலம் என்றால் மார்கழிக் கச்சேரியும் சபா கேன்டீனும்தான் நினைவுக்கு வரும். நாம் ஆண்டு முழுக்க ஏங்கிக் கிடக்கிற காலம் அது. 1983ல் வளிமண்டல ஆய்வாளர் ரிச்சர்ட் டர்கோ ஆங்கிலத்தில் பெயர் வைத்தபோது, வட அமெரிக்க வாசகருக்கு அது எதுவும் விளையாத காலம். அந்தக் கலக்கம் நம் சொல்லில் ஏறவே இல்லை.

பேராசிரியர் ஐயா சொன்ன "அணுக்கூதிர்" காதுக்கு இனிமை. ஆனால் கூதிர் ஐப்பசி, கார்த்திகைக்கு உரியது. நமக்கு அது அடைமழை. போருக்குப் பின் நடப்பதாகக் கணிக்கப்படுவதோ நேர்மாறு. நிலம் கடலைவிட வேகமாகக் குளிர்ந்தால் தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்துவரும் வெப்ப வேறுபாடு குறையும், மழை பொய்க்கும். பொய்த்த மழைக்கு மழைக்காலத்தின் பெயரை வைக்க மனம் வரவில்லை ஐயா. "அணுப்பனி"யைப் பார்த்தால் பனிப்போர்தான் நினைவுக்கு வருகிறது. அதை விட்டுவிடுவோம்.

என் கட்சி இதுதான்: குளிர வைப்பது புகை, ஆகவே சொல்லில் புகை இருக்க வேண்டும். குண்டு விழுந்த நகரங்கள் பற்றி எரியும்போது எழும் புகைக்கரிதான் வெயிலை மறைக்கிறது. போகியன்று காலை மீனம்பாக்கத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாவதைப் பார்த்திருக்கிறோம். அந்தப் புகை தரையோடு கிடக்கும், வெயில் ஏறினால் கலைந்துவிடும். 1991ல் குவைத் எண்ணெய்க் கிணறுகள் எரிந்தபோதும் புகை உயரே போகவில்லை, உலகம் குளிரவில்லை. ஆனால் 2017ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் காடு எரிந்தபோது, கரி வெயிலை உறிஞ்சிச் சூடாகித் மழைமேகங்களுக்கும் மேலே உள்ள அடுக்குமண்டலம் வரை தானே ஏறியது. பல மாதங்கள் அங்கேயே நின்றது. அவ்வளவு உயரத்தில் கரியைக் கழுவ மழை கிடையாது. நகரங்கள் எரிந்தால் அதில் எவ்வளவு மேலே போகும் என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை.

> எப்படியும் ஒருவரும் மிஞ்சப்போவதில்லை. அப்புறம் கலைச்சொல் எதற்கு, யார் படிக்க?

சிரித்துவிட்டேன் அண்ணா. ஆனால் மிஞ்சுவார்கள். 2022ல் வந்த ஒரு கணிப்பு: இந்தியா-பாகிஸ்தான் போரில் 200 கோடிக்கும் மேல், அமெரிக்கா-ரஷ்யா போரில் 500 கோடிக்கும் மேல் இறக்கலாம். பெரும்பாலும் பட்டினியால். உலகில் இருப்பது 800 கோடி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்கிறார்கள். குண்டின் கதிர்வீச்சு ஏழு மணி நேரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகவும், இரண்டு நாளில் நூறில் ஒன்றாகவும் குறையும். கெட்டியான சுவருக்குள் இரண்டு வாரம் அடைந்து கிடந்தவர் வெளியே வரலாம். வந்தால் அரிசி எங்கே என்பதுதான் கேள்வி. குண்டே விழாத ஊருக்கும் அதே கேள்விதான்.

ஆகவே "புகைக்குளிர்வு". குளிர்வு என்றால் அது ஒரு பருவமல்ல, ஒரு நிகழ்வு. அளவையும் சேர்த்துச் சொல்லலாம்: 50 லட்சம் டன் கரிக்குச் சுமார் 1.25 பாகை செல்சியஸ் புகைக்குளிர்வு, 15 கோடி டன்னுக்கு 7, 8 பாகை. 1986ல் குளிர் அவ்வளவு இராது என்று வாதிட்ட காலநிலை ஆய்வாளர்கள் தாம்ப்சனும் ஷ்னைடரும் இலையுதிர்காலத்தை உவமையாக எடுத்தார்கள். அதை அப்படியே பெயர்த்தால் அடையாற்றில் யாருக்குப் புரியும்? "மிதமான புகைக்குளிர்வு" போதும். 1815ல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துப் பூமி குளிர்ந்தது கந்தகத் துகளால், அதுவும் ஓரிரு ஆண்டுகள்தான். அதை "எரிமலைக் குளிர்வு" என்று பிரித்துவிடலாம். பொதுக்கட்டுரைகளில் முதல் முறை மட்டும் "அணுப்போர்ப் புகைக்குளிர்வு" என்று முழுதாக எழுதினால் குழப்பம் வராது.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். குண்டுக்குப் பின் படியும் கதிரியக்கத் தூசிக்கு "வீழ்படிவு" மட்டும் வேண்டாம். பள்ளி வேதியியலில் அது ஏற்கெனவே சோதனைக்குழாயின் அடியில் உட்கார்ந்திருக்கிறது.