பூரியில் தங்கி சிலிகா போய்வருவது பற்றி
டிசம்பர் தொடக்கத்தில் அப்பா அம்மாவோடு ஒடிசா போகிறோம், புவனேஸ்வரில் இறங்கி லிங்கராஜர் கோயிலைப் பார்த்துவிட்டு நேராகப் பூரிக்குப் போய் அங்கேயே தங்கி, மற்ற இடங்களுக்குக் காரில் போய்வரலாம் என்று யோசனை. கோனார்க் கடற்கரைச் சாலையில் சுமார் 35 கிலோமீட்டர்தான், அந்த நேரத்தில் அங்கே நடன விழா வேறு நடக்கும். குழப்பம் சிலிகா ஏரிதான். டால்பின் பார்க்க சதபடா போகவேண்டும், பறவைகளுக்கோ மங்களாஜோடி, இரண்டும் ஏரியின் வெவ்வேறு கரையில். அம்மாவுக்கு முட்டிவலி, படகில் நெடுநேரம் உட்கார முடியாது. எதை விடலாம்? அப்புறம், ஜகந்நாதர் கோயிலுக்குள் செல்போன் விடமாட்டார்கள், கூட்டத்தில் பெரியவர்களைத் தொலைக்காமல் கோயில் வளாகத்திலுள்ள ஆனந்த பஜார் என்ற பிரசாதச் சந்தையில் மகாபிரசாதம் சாப்பிட எந்த நேரம் வசதி? போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்.