டெக்சஸில் மின்சாரக் கூட்டுறவின் கட்டணத்தைக் கேள்வி கேட்பது யார்?

மீனா_டெக்சஸ் எழுதியது:

வணக்கம். போன வருடம் ஹூஸ்டனிலிருந்து மத்திய டெக்சஸில் ஒரு சின்ன ஊருக்கு வீடு மாறினோம். ஹூஸ்டனில் இருந்தவரை, ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் 'பவர் டு சூஸ்' தளத்தில் விலை பார்த்து வேறு கம்பெனிக்கு மாறிவிடுவோம். இங்கே கரண்ட் தருவது ஒரே ஒரு கூட்டுறவு. பிடிக்காவிட்டால் போக வேறு இடமில்லை.

இப்போது எவ்வளவு கரண்ட் பயன்படுத்தினாலும் மாறாத மாத நிலைக் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி ஏசியைக்கூடக் கணக்குப் பார்த்துத்தான் போடுவார். பெரிய வீட்டுக்காரருக்கும் அவருக்கும் அதே தொகை. மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்துக்கு எழுதலாம் என்று பார்த்தால், கூட்டுறவின் சில்லறைக் கட்டணம் அதன் அதிகாரத்திலேயே வராதாம். உண்மையா? அப்படியென்றால் யாரிடம் போவது?

மின்கணக்கர் எழுதியது:

உண்மைதான் மீனா. மின் கட்டண நிர்ணயம்தான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன்பெல்லாம் கூட்டுறவுகளின் கட்டணமும் ஆணையத்தின் கையில்தான் இருந்தது. 1999-ல் வந்த செனட் மசோதா 7 அதை மாற்றியது. ஹூஸ்டனில் நீங்கள் பார்த்த போட்டிச் சந்தை அந்தச் சட்டத்தால் 2002 ஜனவரியில் தொடங்கியது. கூட்டுறவுகளையும் நகராட்சி மின் நிறுவனங்களையும் அதில் கட்டாயமாகச் சேர்க்கவில்லை. சேர்வதா வேண்டாமா என்பதைக் கூட்டுறவில் இயக்குநர் குழு முடிவு செய்யும், நகராட்சியில் நகர மன்றம் முடிவு செய்யும். பெரும்பாலானவை சேரவேயில்லை. கார்ப்பஸ் கிறிஸ்டி பக்கம் நியூசெஸ் கூட்டுறவு சேர்ந்தது. லபக் நகராட்சி 2024-ல்தான் சந்தையைத் திறந்தது.

கட்டணமும் அதே போலத்தான்: உங்கள் இயக்குநர் குழு வைத்ததுதான் விலை. உயர் அழுத்தக் கம்பிப் பாதை எங்கே போகலாம், எந்தப் பகுதிக்கு யார் மின்சாரம் தரலாம் என்பது போன்ற சிலவற்றில் மட்டும் கூட்டுறவுகள் இன்னும் ஆணையத்திடம் போக வேண்டும்.

இதற்குச் சொல்லப்படும் நியாயம், கூட்டுறவில் வாடிக்கையாளரே உரிமையாளர் என்பது. லாபம் கேட்கும் பங்குதாரர் கிடையாது, மிச்சப் பணம் உறுப்பினர் கணக்கில் வரவாகிறது, பிறகு அரசு எதற்கு என்பார்கள். பாதிதான் ஒத்துக்கொள்வேன். உறுப்பினர்கள் ஓட்டுப் போட வராத கூட்டுறவில் இயக்குநர் குழுவைத் தட்டிக் கேட்க ஒருவரும் இல்லை. ஜான்சன் சிட்டியில் தலைமையகம் வைத்திருக்கும் பெடர்னாலஸ் நாட்டிலேயே மிகப் பெரிய மின் விநியோகக் கூட்டுறவு. 2007-ல் அதன் உறுப்பினர்களே நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே உண்மையான போட்டித் தேர்தல் வந்தது, கூட்டங்களின் கதவும் திறந்தது. எழுபது வருடப் பழக்கத்தை மாற்ற அத்தனை பாடு.

நகராட்சி நிறுவனமாக இருந்திருந்தால் ஒரு வழி கூடுதலாக இருந்திருக்கும். ஆஸ்டின் நகராட்சியின் மின் நிறுவனமான ஆஸ்டின் எனர்ஜியின் கட்டணத்தை நகர மன்றம் வைக்கிறது. ஆனால் நகர எல்லைக்கு வெளியேயும் அதற்கு வாடிக்கையாளர்கள் உண்டு, அவர்களுக்கு மன்றத் தேர்தலில் ஓட்டு இல்லை. அதனால் அவர்களில் 5 சதவீதம் பேர், அல்லது 10,000 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் கையெழுத்திட்டால் ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். 2012 கட்டண உயர்வை எதிர்த்து அப்படித்தான் போனார்கள். மறு வருடம் சமரசமாகி, வெளியே இருப்பவர்களுக்குக் கட்டணம் குறைந்தது.

கூட்டுறவு உறுப்பினருக்கு ஓட்டு இருக்கிறது என்பதாலேயே இந்தக் கதவு இல்லை. அந்த ஓட்டைத் தயவுசெய்து வீணாக்காதீர்கள்.

கென்டக்கிவாசி எழுதியது:

ஓட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை சார். வேலையும் குழந்தைகளுமாக இருப்பவர்கள் மின் கட்டண அட்டவணையைப் படித்து, வேட்பாளரை ஆராய்ந்து ஓட்டுப் போடுவார்களா? கென்டக்கியில் டி.வி.ஏ. என்ற மத்திய அரசு மின் நிறுவனத்திடம் மின்சாரம் வாங்கும் கூட்டுறவுகள் தவிர மற்றவை கட்டணத்தை மாற்ற மாநிலப் பொதுச் சேவை ஆணையத்திடம் மனுப் போட வேண்டும். கணக்கு வழக்கெல்லாம் பொதுவில் வரும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். விஸ்கான்சினில் நகராட்சி மின் நிறுவனங்களின் கட்டணத்தையும் மாநில ஆணையம்தான் பார்க்கிறது. அந்தப் பாட்டிக்காக ஒரு அதிகாரி கணக்கைச் சரிபார்ப்பது தப்பா?

மின்கணக்கர் எழுதியது:

தப்பே இல்லை. கென்டக்கி முறை எனக்கும் பிடிக்கும். ஆனால் சின்னக் கூட்டுறவுக்கு வக்கீல் செலவும் நிபுணர் செலவும் அதே கட்டணத்திலிருந்துதான் போகும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. சில்லறை விலையில் தலையிடாத டெக்சஸ் ஆணையம், 2021 பிப்ரவரிக் கடும் குளிரில் மின் நிறுவனங்கள் மின்சாரம் வாங்கும் மொத்த விற்பனைச் சந்தையின் விலை மெகாவாட் மணிக்கு 9,000 டாலரிலேயே இருக்கும்படி உத்தரவு போட்டது. 16 விநியோகக் கூட்டுறவுகளுக்கு மின்சாரம் தரும் பிரேசோஸ் கூட்டுறவு அந்த விலைப் பில்லைக் கட்ட முடியாமல் மார்ச் 1-ம் தேதி திவால் மனுக் கொடுத்தது. அந்தப் பளு கடைசியில் கிராமத்து வீடுகளின் மேல்தான் வந்து விழும். மேலிருந்து விலையை வைக்கும் அரசுக்குக் கீழே இருப்பவரைக் காக்கும் பொறுப்பும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மீனா_டெக்சஸ் எழுதியது:

இருவருக்கும் நன்றி. இயக்குநர் குழுக் கூட்டத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அங்கே என்ன கேட்பது?

மின்கணக்கர் எழுதியது:

கட்டண உயர்வுக்கு முன் செய்த செலவுப் பகிர்வு ஆய்வைக் கேளுங்கள். மீட்டர், பில், கம்பம், கம்பி என்று எதையெல்லாம் நிலைக் கட்டணத்தில் ஏற்றினார்கள் என்பது அதில் இருக்கும். மீட்டரும் பில்லும் ஆளுக்கு ஒன்று, அதைச் சமமாகப் போடுவதில் நியாயம் உண்டு. கம்பத்தையும் கம்பியையும் அதே மாதிரி தலைக்கு இவ்வளவு என்று போட்டிருந்தால்தான் பாட்டிக்கு அநியாயம், அங்கே விடாமல் கேளுங்கள். அடுத்த இயக்குநர் தேர்தலுக்கு வேட்புமனு எப்போது, எத்தனை உறுப்பினர் கையெழுத்து வேண்டும் என்பதையும் அன்றே விசாரித்து வையுங்கள். பாட்டியையும் அழைத்துப் போங்கள், அவரும் ஒரு உறுப்பினர்தான்.