சர்வரில் கட்டுமீறும் ப்ராசஸ்களைத் தானாகக் கண்டுபிடித்து நிறுத்துவது எப்படி?

ராத்திரி ஷிப்ட்:
பெங்களூரு எச்எஸ்ஆர் லேஅவுட்டில் ஓர் அலுவலகத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு 22.04, 8 கோர், 32 ஜிபி ரேம். என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பி ஒர்க்கர் ப்ராசஸ்களை நடத்தும் சர்வீஸ்), மைஎஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்) எல்லாம் ஒரே மெஷினில். தினமும் காலை ஐந்தரை வாக்கில் லோடு ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் ப்ராசஸ்களின் சராசரி எண்ணிக்கை) 40-ஐத் தாண்டுகிறது. எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து சர்வருக்குள் போகும் வழி) நுழையவே பல நிமிடம் ஆகிறது. பகலிலும் அவ்வப்போது ஒரு பிஎச்பி ஒர்க்கர் சிபியுவைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது. க்ரானில் (நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் கருவி) நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்க்ரிப்ட் ஓடி, பிஎஸ் (ப்ராசஸ் பட்டியல் காட்டும் கட்டளை) கணக்குப்படி 90 சதவீதத்துக்கு மேல் போகும் ப்ராசஸை 'கில் -9' (கட்டாய நிறுத்தம்) போட்டால் போதுமா?

கர்னல் பிரியன்:
நண்பரே, அந்த ஸ்க்ரிப்டை ஏற்றிவிடாதீர்கள். முதல் பலி மைஎஸ்க்யூஎல்தான். அந்த 90 சதவீதம் ஒரு கோருக்கான கணக்கு. 8 கோரில் உச்சம் 800. வேலை மும்முரமான நேரத்தில் மைஎஸ்க்யூஎல் 300 காட்டுவது சாதாரணம்.

பிஎஸ் காட்டும் சதவீதம் இப்போதைய நிலவரமும் இல்லை. ப்ராசஸ் இதுவரை தின்ற சிபியு நேரத்தை அதன் மொத்த ஆயுளால் வகுத்த சராசரி. பத்து நாள் சும்மா கிடந்த ஒர்க்கர் இப்போது ஒரு மணி நேரமாகச் சுழன்றாலும் அங்கே 1 சதவீதம்கூட ஏறாது. மூன்று விநாடிக்கு முன் தொடங்கிய ஜிஜிப் (கோப்பைச் சுருக்கும் நிரல்) 99 காட்டும். டாப் கட்டளையை (ப்ராசஸ்களின் நேரடி நிலவரம் காட்டுவது) பேட்ச் முறையில் 5 விநாடி இடைவெளியில் இரண்டு சுற்று ஓட்டி, இரண்டாவது சுற்றை மட்டும் எடுங்கள்.

கொல்வதைவிட முன்கூட்டியே வரம்பு போடுவது நல்லது. சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சிஸ்டம்சிடிஎல் செட்-ப்ராப்பர்ட்டி கட்டளையில் பிஎச்பி8.1-எஃப்பிஎம் சர்வீஸுக்கு சிபியுகோட்டா=500%, மெமரிஹை=10ஜி (மென்மையான வரம்பு), மெமரிமேக்ஸ்=12ஜி (இறுதி வரம்பு) கொடுங்கள். 500% என்றால் ஐந்து கோர். ரீஸ்டார்ட் வேண்டாம், உடனே அமலாகும். எஸ்எஸ்எச் சர்வீஸுக்கும் யூசர் ஸ்லைஸுக்கும் (லாகின் செய்தவர்களின் ப்ராசஸ் தொகுதி) சிபியுவெயிட்=1000 (சிபியு பங்கீட்டில் முன்னுரிமை); இயல்பு அளவு 100 என்பதால் நெருக்கடியிலும் நீங்கள் உள்ளே போக வழி இருக்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. மெமரிமேக்ஸைத் தொட்டதும் கர்னல் ஒரு ஒர்க்கரைத்தான் கொல்லும். ஆனால் சிஸ்டம்டியின் ஓஓஎம்பாலிசி (மெமரி தீர்ந்து ஒரு ப்ராசஸ் கொல்லப்பட்டால் சர்வீஸை என்ன செய்வது என்ற அமைப்பு) இயல்பாகவே 'ஸ்டாப்'. அதனால் எஃப்பிஎம் சர்வீஸ் மொத்தமும் நின்றுபோகும். சிஸ்டம்சிடிஎல் எடிட் மூலம் அதை 'கன்டினியூ' ஆக்குங்கள்.

ஒற்றை ஒர்க்கர் சிக்கலுக்கு எஃப்பிஎம்மிலேயே மருந்து இருக்கிறது. பூல் கோப்பில் (ஒர்க்கர் குழுவின் அமைப்புக் கோப்பு) ரிக்வெஸ்ட்_டெர்மினேட்_டைம்அவுட் = 60எஸ் (60 விநாடி தாண்டும் ஒர்க்கரை நிறுத்தும்), ரிக்வெஸ்ட்_ஸ்லோலாக்_டைம்அவுட் = 5எஸ் (5 விநாடி தாண்டினால் ஸ்லோலாக்கில் பதியும்), கூடவே ஸ்லோலாக் கோப்பின் பாதை. பிஎச்பியின் மேக்ஸ்_எக்ஸிக்யூஷன்_டைமை நம்ப வேண்டாம். லினக்ஸில் டேட்டாபேஸுக்காகக் காத்திருக்கும் நேரமும் ஸ்லீப் நேரமும் அதன் கணக்கில் வராது. ஸ்லோலாக்கில் எந்தக் கோப்பு, எந்த வரி என்று பேக்ட்ரேஸ் விழும். அது இல்லாமல் கொன்றுகொண்டே இருந்தால் நோய் என்னவென்று கடைசிவரை தெரியாது.

ஐந்தரை மணி விவகாரம் வேறாக இருக்கலாம். அந்த நேரத்து விஎம்ஸ்டாட் (சிபியு, மெமரி, டிஸ்க் நிலவரம் காட்டும் கட்டளை) வெளியீட்டைப் போடுங்கள்.

ஜெயநகர் டிபிஏ:
மைஎஸ்க்யூஎல் ப்ராசஸை எந்த ஸ்க்ரிப்டும் தொடக் கூடாது, விதிவிலக்குப் பட்டியலில் முதல் பெயராகப் போடுங்கள். -9 போட்டால் அடுத்த ஸ்டார்ட்டில் இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு இன்ஜின்) க்ராஷ் ரெக்கவரிக்குப் போகும். பாதியில் நின்ற பெரிய அப்டேட்டின் ரோல்பேக் (மாற்றங்களைப் பழைய நிலைக்குத் திருப்புவது) அப்போதும் பாக்கி இருக்கும். மைஎஸ்க்யூஎல்லின் ப்ராசஸ்லிஸ்டில் ஐடியைப் பார்த்து 'கில் க்யூரி' கொடுங்கள், கனெக்ஷன் பிழைக்கும், க்யூரி மட்டும் நிற்கும். தானாக நடக்க வேண்டுமானால் மைஎஸ்க்யூஎல்லில் அதே பெயருள்ள மேக்ஸ்_எக்ஸிக்யூஷன்_டைம் = 30000. இங்கே அலகு மில்லிவிநாடி. தரவைப் படிக்கும் செலக்ட் க்யூரிக்கு மட்டும்தான் பொருந்தும், குளோபலாக மாற்றினால் புதிய கனெக்ஷன்களுக்கே அமலாகும்.

ராத்திரி ஷிப்ட்:
இருவருக்கும் நன்றி. இன்று காலை 5:34 விஎம்ஸ்டாட்: ஆர் பத்தியில் (ஓடுபவை, ஓடத் தயாரானவை) 3, பி பத்தியில் (ஐஓ, அதாவது டிஸ்க் படிப்பு-எழுத்துக்காகத் தடைபட்டவை) 35, டபிள்யூஏ (ஐஓவுக்காகச் சிபியு காத்திருந்த சதவீதம்) 70. அந்த நேரத்தில் மைஎஸ்க்யூஎல்டம்ப் (டேட்டாபேஸ் பேக்கப் எடுக்கும் நிரல்) இரண்டு ஓடிக்கொண்டிருந்தன.

ஒயிட்ஃபீல்டு ஆட்மின்:
அப்படியானால் இது சிபியு பிரச்சினையே இல்லை, டிஸ்க். லினக்ஸில் லோடு ஆவரேஜ், ஓடும் ப்ராசஸோடு டி நிலையில் டிஸ்க்குக்காகக் காத்துக் கிடப்பதையும் சேர்த்தே எண்ணும். உங்கள் பி பத்தியில் நிற்கும் 35 அவைதான். டி நிலையில் இருப்பவற்றுக்கு -9 அனுப்பினாலும் பெரும்பாலும் ஐஓ முடியும்வரை சாகாது. சிக்னல் வரிசையில் காத்திருக்கும்.

நேரத்தையும் கவனியுங்கள். இங்கே ஐந்தரை என்றால் யுடிசியில் (உலகப் பொது நேரம்) நள்ளிரவு 0:00. சர்வர் கடிகாரம் யுடிசியில் இருந்து, க்ரானில் எல்லோரும் 'நள்ளிரவு' என்று எழுதி வைத்திருப்பார்கள். அத்தனையும் ஒரே நிமிடத்தில் புறப்படுகின்றன. டைம்டேட்சிடிஎல் கட்டளையில் சர்வரின் நேர மண்டலத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, பேக்கப்பை யுடிசி 21:10-க்குத் தள்ளுங்கள், நமக்கு அது அதிகாலை 2:40. டம்ப் இரண்டு இருந்தது என்றால் முந்தையது முடிவதற்குள் அடுத்தது கிளம்பிவிட்டது, அல்லது க்ரானில் ஒரே வேலை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறது. வேலையை ஒரு ஷெல் கோப்பாக்கி, 'எஃப்லாக் -என்' போட்டு, அதற்குள் 'டைம்அவுட் -கே 30 90எம்' மூலம் ஓட்டுங்கள்: பூட்டு கிடைக்காவிட்டால் விலகிவிடும், 90 நிமிடம் ஆனால் சிக்டெர்ம் (முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்னல்), மேலும் 30 விநாடியில் சிக்கில் (-9, கட்டாய நிறுத்தம்). டம்ப் வெளியீட்டை 'பிவி -எல் 20எம்' வழியே விட்டால் விநாடிக்கு 20 மெகாபைட்டுக்கு மேல் போகாது. ஐயோநைஸ் (ஐஓ முன்னுரிமையைக் குறைக்கும் கட்டளை) போடச் சொல்வார்கள். டிஸ்க் ஷெட்யூலர் 'நன்' ஆக இருந்தால் பலன் இல்லை.

கண்காணிப்புக்கு லோடு ஆவரேஜை விட்டுவிட்டு ப்ராக் அடைவின் ப்ரெஷர் கோப்புகளைப் (ப்ராசஸ்கள் வளத்துக்காகக் காத்து வீணான நேரத்தின் அளவு) படியுங்கள், கர்னல் 4.20 முதல் உண்டு. சிபியு, மெமரி, ஐஓ மூன்றும் தனித்தனி. ஐஓ கோப்பின் 'ஃபுல்' வரியில் ஏவிஜி60 (60 விநாடிச் சராசரி, சதவீதத்தில்) என்பது 20-ஐத் தாண்டினால் அலர்ட் வைக்கலாம், பிறகு உங்கள் மெஷினுக்கு ஏற்ப மாற்றுங்கள்.

கர்னல் பிரியன்:
அதற்குப் பிறகும் தானாகக் கொல்லும் கருவி வேண்டுமென்றால், க்ரானில் வைக்காதீர்கள். நெருக்கடியில் புது ப்ராசஸ் கிளப்பவே திணறும். எப்போதும் ஓடும் சர்வீஸாக வைத்து அதற்கும் சிபியுவெயிட்டை உயர்த்துங்கள். 30 விநாடிக்கு ஒரு அளவு, தொடர்ந்து ஐந்தும் மீறினால்தான் நடவடிக்கை. பிஐடியோடு (ப்ராசஸ் எண்) ப்ராசஸ் தொடங்கிய நேரத்தையும் ஒப்பிடுங்கள், ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸின் ஸ்டாட் கோப்பில் 22-ஆவது புலம். இடையில் அதே எண் வேறொன்றுக்குப் போயிருக்கலாம். முதலில் கமாண்ட்லைன், திறந்த கோப்புகள், ஸ்டாக் மூன்றையும் லாகில் எழுதிவிட்டு சிக்டெர்ம், 20 விநாடி கழித்தும் இருந்தால் சிக்கில். முதல் வாரம் முழுக்க லாக் மட்டும் எழுதட்டும், யாரைக் கொன்றிருக்கும் என்று படித்துப் பார்த்துவிட்டுக் கொல்ல அனுமதியுங்கள்.