வாராந்திரக் குடும்பக் கூட்டத்தில் மகன் வாயே திறப்பதில்லை, என்ன செய்யலாம்?

வணக்கம். குடும்ப ஆலோசகர் சொன்னதால் வாரம் ஒருமுறை வீட்டில் 4 பேரும் உட்கார்ந்து பேசுகிறோம். 6 வாரம் ஆகிறது. உளவியலாளர் ஆல்ஃபிரட் அட்லரின் கருத்துகளைப் பின்பற்றிய ருடால்ஃப் டிரைக்கர்ஸ் என்ற மனநல மருத்துவர் பரப்பிய முறையாம். பெரியவர் சொல்லுக்கு உள்ள மதிப்பே பிள்ளைகள் சொல்லுக்கும். தலைமை முறைவைத்து மாறும். வாக்கெடுப்பு கிடையாது, எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு.

சின்னவள் தலைமை தாங்கிய வாரம் நன்றாகவே போனது. சிக்கல் 14 வயது மகன்தான். கையைக் கட்டிக்கொண்டு "எதுவானாலும் சரி" என்று முடித்துவிடுகிறான். போன வாரம் என் கணவர் மதிப்பெண் பேச்சை எடுத்தார். அப்புறம் அது கூட்டமாக இல்லை, விசாரணை. (நடுவில் நானும் புகுந்தேன், ஒத்துக்கொள்கிறேன்.) பாராட்டில் தொடங்கச் சொன்னார் ஆலோசகர். எங்கள் வீட்டில் அது நாடக வசனம் மாதிரி இருக்கிறது.

ஆலோசகரை அடுத்து பார்க்க இன்னும் 2 வாரம் இருக்கிறது. இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: பேசாமல் இருப்பவனை அப்படியே விடலாமா? பேச வேண்டியதை எழுத ஒரு தாளை முன்கூட்டியே ஒட்டிவைத்தால் எழுதுவானா? கூட்டத்துக்கு அரை மணி நேரம் அதிகமா? மதிப்பெண் பேச்சைக் கூட்டத்துக்கு வெளியே வைத்தவர்கள் உண்டா? அதைக் கணவரிடம் எப்படிச் சொன்னீர்கள்?