யமஹா குவாட் சூடாகி நிக்குது, அவசரம்

பரந்தன் பெடியன்:
அண்ணைமார், என்ர யமஹா குவாட் (நாலு சில்லு மோட்டச்சைக்கிள்) ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில சிவப்பு லைட் எரியுது, பிறகு நிண்டிடுது. ஆறவிட்டால் திரும்ப ஸ்ரார்ட் வருது. விடிய வேலை இருக்கு, கெதியாச் சொல்லுங்கோ.

மாங்குளம் கராஜ்:
எந்த மொடல்? கூலன்ட் (இஞ்சினை ஆத்திற தண்ணி) எவ்வளவு நிக்குது? எங்க ஓடினனீர்?

விசுவமடுவான்:
ஒயில் பிரச்சினைதான். பெற்றோலுக்குள்ள ரூ-ஸ்ரோக் ஒயில் கலந்தனீரோ? மச்சான்ர யமஹா பான்ஷீ குவாட் ஒயில் காணாமல் பிஸ்ரன் இறுகி நிண்டது.

முள்ளியவளை மூத்தவன்:
மொடல் தெரியாமல் வைத்தியம் சொல்லாதேங்கோ. தம்பி, கேள்வி கேக்கிற முறையையும் பழகும். பான்ஷீ எண்டால் 347 சீசீ, இரட்டைச் சிலிண்டர், உதைச்சுத்தான் எழுப்பவேணும், ரிவர்ஸ் இல்லை. உம்மடதில ரிவர்ஸ் இருக்கோ?

பரந்தன் பெடியன்:
இருக்கு. ராப்டர் 700. காலபோக வயலுக்கு வாய்க்கால் வரம்பால தண்ணிப் பரல் இழுக்கிறது.

மாங்குளம் கராஜ்:
இதை முதலே சொல்லியிருக்கலாம். அது 686 சீசீ, ஒற்றைச் சிலிண்டர் ஃபோர்-ஸ்ரோக், பியூவல் இன்ஜெக்ஷன், ரேடியேட்டர் உள்ளது. ரூ-ஸ்ரோக் மாதிரிப் பெற்றோலில ஒயில் கலக்கிற கதையே இல்லை. வேகமா ஓடேக்க முன்னால வாற காத்தே ரேடியேட்டரை ஆத்திப்போடும். பரலோட முதலாம் கியரில ஊர்ந்தால் காத்து வராது, ஃபான்தான் ஆத்தவேணும். நிப்பாட்டி வைச்சு இஞ்சினை ஓடவிடும், சூடேற ஃபான் சுத்துதோ பாரும். ரேடியேட்டர் தகடுகளுக்கு இடையில சேறு காய்ஞ்சு கிடக்கும். இஞ்சின் பக்கமிருந்து வெளிய மெதுவாத் தண்ணி அடியும். பிரஷர் கன் வேண்டாம், தகடு மடிஞ்சிடும். சூட்டோட ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம், முகம் வெந்திடும்.

முள்ளியவளை மூத்தவன்:
பந்தயத்துக்குச் செய்த வண்டியில பரல் இழுக்கிறதே பிழை. செயின் பின் சில்லு இரண்டையும்தான் சுத்தும். வயலுக்கு நாலு சில்லும் இழுக்கிற யமஹா கிரிஸ்லி குவாட் மாதிரி வேணும், இல்லாட்டி லான்ட்மாஸ்ரர் எண்ட இரண்டு சில்லு உழவு மெசின். ராப்டர் மணலுக்கு உரியது. ஆர்ஜென்ரீனாக்காரன் மார்க்கோஸ் பட்ரொனெல்லி 2010, 2013, 2016 எண்டு டக்கார் எண்ட நெடுந்தூரப் பந்தயத்தில குவாட் பிரிவை வெண்டது இதிலதான்.

விசுவமடுவான்:
பியானோ செய்யிற கொம்பனிக்கு இஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? ஹொண்டா வாங்கியிருக்கவேணும்.

முள்ளியவளை மூத்தவன்:
வரலாறு தெரியாமல் கதைக்கிறீர். டொரகுசு யமஹா 1887 இல ஓர்கன் செய்யத் தொடங்கினவர், அந்த வழியில வந்தது நிப்பொன் கக்கி எண்ட இசைக்கருவிக் கொம்பனி. போர்க்காலத்தில விமானப் புரொப்பெல்லர் செய்த இயந்திரங்கள் அங்க சும்மா கிடந்தது. அதைப் பயன்படுத்தித்தான் YA-1 எண்ட 125 சீசீ மோட்டச்சைக்கிள் வந்தது. 1955 யூலை 1 இல யமஹா மோட்டர் தனிக் கொம்பனியாப் பிரிஞ்சுது. அதே மாதம் பூஜி மலையேற்றப் பந்தயத்தில அந்த 125 வெண்டது. இஞ்சின் தெரியாதவனோ அது?

விசுவமடுவான்:
வெண்டது சரி, இப்ப பரந்தனில நிக்குதே!

மாங்குளம் கராஜ்:
இரண்டு பேரும் வேற இழை திறவுங்கோ. தம்பி, ஃபான் சுத்திச்சுதோ?

பரந்தன் பெடியன்:
சுத்தேல்லை. ஃபான் பியூஸ் எரிஞ்சு கிடந்தது. மாத்தியாச்சு, சேறும் கழுவியாச்சு. இப்ப லைட் எரியேல்லை. நன்றி அண்ணை.

மாங்குளம் கராஜ்:
பியூஸ் சும்மா எரியாது. நிப்பாட்டி, ஆறவிட்டு, ஃபானைக் கையால சுத்திப் பாரும். இறுக்கமா இருந்தால் மோட்டருக்குள்ள சேறு போயிருக்கு, திரும்பவும் எரியும். பெரிய பியூஸ் மட்டும் போட்டிடாதேயும், வயர் கருகும்.