பன்றியா, முக்கோணமா?

[இரவு 9:08] தம்பி: ஒரு கேள்வி. பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் எல்லா ஆல்பமும் அழிந்துவிடப் போகிறது, ஒன்றை மட்டும் காப்பாற்றலாம் என்றால் எதைக் காப்பாற்றுவீர்கள்?

[9:09] அக்கா: இதெல்லாம் ஒரு கேள்வியா. டார்க் சைட் ஆஃப் த மூன்

[9:09] அண்ணி: அட்டையில் முக்கோணம் இருக்குமே, அதுதானே? என் ஓட்டும் அதற்கே

[9:11] சித்தப்பா: அனிமல்ஸ்.

[9:11] அக்கா: ஆரம்பித்துவிட்டார் 🤦

[9:15] சித்தப்பா: ஆமாம், ஆரம்பித்துவிட்டேன். டார்க் சைட் நன்றாக இல்லை என்று நான் சொல்லவில்லை, ஆனால் அது யாருக்கும் உறுத்தாதபடி தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய ஆல்பம். 1977-இல் வந்த அனிமல்ஸில் மெருகே கிடையாது, முழுக்கக் கோபம். மொத்தமே ஐந்து பாட்டு, அதில் முதலும் கடைசியும் சின்னத் துண்டுகள், நடுவில் நாய், பன்றி, ஆடு என்று மூன்று நீளப் பாட்டுகள். நாய்ப் பாட்டு மட்டும் 17 நிமிடம். ரேடியோக்காரன் போடுவானா மாட்டானா என்று கவலைப்படாமல் செய்த வேலை அது.

[9:16] அண்ணி: பன்றி பறக்கிற அட்டையா?

[9:18] சித்தப்பா: அதேதான். லண்டன் பாட்டர்சீ மின் நிலையம். 1976 டிசம்பரில் அட்டைப் படத்துக்காக நிஜமாகவே பெரிய பலூன் பன்றி செய்து கட்டிப் பறக்கவிட்டார்கள். கயிறு அறுந்தால் சுட்டு இறக்க முதல் நாள் ஒரு ஆளை வைத்திருந்தார்கள், மறுநாள் அவரைக் கூப்பிட மறந்துவிட்டார்கள், அன்றைக்குத்தான் அறுந்தது. ஹீத்ரோ விமான நிலையத்து விமானங்களையெல்லாம் கலங்கடித்துவிட்டுக் கடைசியில் கெண்ட் பக்கம் ஒரு பண்ணையில் போய் விழுந்தது 🐖

[9:19] மாமா: மச்சான், பன்றி பறந்ததற்கெல்லாம் ஆல்பத்துக்கு மார்க் போடாதீர்கள்

[9:23] அக்கா: சித்தப்பா, மெருகு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே முடிகிற ஆல்பம் அது. த கிரேட் கிக் இன் த ஸ்கை பாட்டில் ஒரு வரிகூடக் கிடையாது, பாடகி கிளேர் டோரி வெறும் குரலை வைத்துக்கொண்டு சாவைப் பற்றிப் பாடிவிட்டுப் போனார். அதற்குக் கொடுத்தது 30 பவுண்டு! 2004-இல் வழக்குப் போட்டு, அடுத்த வருடம் சமரசமான பிறகுதான் பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரையும் சேர்த்தார்கள். அப்புறம் மனி பாட்டு. ஏழு எண்ணிக்கை, மிஸ்ர சாபு தாளம் தெரிந்தவர்கள் கூடவே தட்டலாம், ஆனால் கிடார் சோலோ வந்ததும் நாலுக்கு மாறிவிடும். அந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் கை தவறும்.

[9:24] அண்ணி: ‘கம்ஃபர்டப்லி நம்’ பாட்டின் கிடார் சோலோவுக்காக ‘தி வால்’ ஆல்பத்தைக் காப்பாற்றக் கூடாதா?

[9:26] சித்தப்பா: காப்பாற்றலாம், ஒரு இசைத்தட்டை மட்டும் 😄 இரண்டு தட்டு அதற்கு அதிகம். அதோடு கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டுச் சம்பளத்துக்கு வாசிக்க வைத்தார்கள். தி வால் கச்சேரிகள் நஷ்டம், ஆகவே காசு பார்த்தது சம்பளக்காரர் ஒருவர்தான். நன்றாக வேண்டும் மற்றவர்களுக்கு.

[9:31] மாமா: நான் விஷ் யூ வேர் ஹியர். 1975. குழுவை ஆரம்ப நாளில் தூக்கி நிறுத்தியவர் சிட் பாரெட், மனநிலை சரியில்லாமல் 68-இலேயே விலகிவிட்டார். அவரை நினைத்து எழுதிய ஷைன் ஆன் பாட்டுக்கு ஏபி ரோடு ஸ்டூடியோவில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது, தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்டு குண்டாக ஒருவர் உள்ளே வந்து நிற்கிறார். யாரோ ஸ்டூடியோ ஆள் என்று நினைத்திருக்கிறார்கள், பாரெட் என்று தெரிய வெகுநேரம் ஆனது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் நாலு கிடார் சுரத்தை என்னால் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை.

[9:32] அக்கா: 😔

[9:34] சித்தப்பா: இதற்கு என்னிடம் பதில் இல்லை மச்சான்

[9:35] அண்ணி: கேள்வி கேட்டவன் எங்கே? நீ எதைக் காப்பாற்றுவாய்?

[9:38] தம்பி: நான் பிளேலிஸ்ட்டில் ஷஃபிள் போட்டுத்தான் கேட்பேன். முழு ஆல்பமாக ஒன்றுகூடக் கேட்டதில்லை

[9:38] அக்கா: என்னது?

[9:39] தம்பி: பிரெயின் டேமேஜ் பாட்டு கடைசியில் டக்கென்று வெட்டினது மாதிரி நிற்கும், யாரோ சரியாக ஏற்றவில்லை என்று நினைத்தேன்

[9:40] அக்கா: அது அடுத்த பாட்டுக்குள் போகிறதடா!!! எக்லிப்ஸ்!!!

[9:41] மாமா: இவனைக் குழுவிலிருந்து நீக்க அட்மின் யார்

[9:44] சித்தப்பா: திட்டாதீர்கள். டேய், மெடில் என்று 1971 ஆல்பம். அதன் இசைத்தட்டில் இரண்டாம் பக்கம் முழுக்க எக்கோஸ் என்று ஒரே பாட்டு, 23 நிமிடத்துக்கும் மேல், உன் ஷஃபிளால் அதை உடைக்கவே முடியாது. இருட்டில் படுத்துக் கேள். டிங் என்று ஒற்றைப் பியானோ சத்தத்தில் தொடங்கும்.

[9:45] அக்கா: இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்

[9:45] மாமா: நானும். முதல் பக்கக் கடைசியில் நாய் ஊளையிடுகிற பாட்டு வரும், அதைத் தாண்டிவிடு

[9:46] சித்தப்பா: தாண்டாதே.

[9:47] தம்பி: சரி, எக்கோஸ் மட்டும் இப்போது. ஹெட்போன் மாட்டிவிட்டேன்

[9:58] அண்ணி: இப்போது அந்தக் கத்தல் வந்திருக்கும் 🤫

[9:59] அக்கா: மெசேஜ் போட்டு அவனைக் கெடுக்காதீர்கள் அண்ணி

[10:13] தம்பி: நடுவில் யாரோ அலறுகிற மாதிரி வந்ததே, போன் கெட்டுவிட்டது என்று ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தேன்

[10:14] மாமா: குழுவின் கிடார்காரர் கில்மரின் கிடார்தான் அது. ‘வா பெடல்’ என்று காலால் மிதித்துக் கிடார் சத்தத்தை மாற்றுகிற கருவி, அதில் ஒயரைத் தலைகீழாகச் செருகினால் அப்படிக் கத்தும்

[10:15] அக்கா: சரி, இப்போது சொல். எதைக் காப்பாற்றுவாய்?

[10:16] தம்பி: இருங்கள். இன்னொரு தடவை கேட்டுவிட்டு வருகிறேன்

[10:16] சித்தப்பா: அடுத்து அனிமல்ஸ்.