சென்ட்ரல் அவென்யூவில் ஜெரால்ட் வில்சன்: கேட்டவர்கள் சொல்லுங்கள்

ஆர்ட்டீசியா அண்ணாச்சி:

லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் நம்மவர்களில் எத்தனை பேர் சென்ட்ரல் அவென்யூ ஜாஸ் விழாவுக்குப் போயிருக்கிறீர்கள்? 1996 முதல் நகர சபையின் ஆதரவோடு நடப்பது. டிக்கெட் கிடையாது. சாலையை அடைத்து, டன்பார் ஹோட்டல் பக்கத்தில் மேடை போட்டுவிடுவார்கள். நாற்காலி கிடைத்தால் உட்காரலாம், இல்லாவிட்டால் நடைபாதைதான்.

பல வருடங்கள் அந்த விழாவை முடித்துவைத்தது ஜாஸ் இசையமைப்பாளர் ஜெரால்ட் வில்சனின் பிக் பேண்ட், அதாவது டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் வரிசைகள் கொண்ட பெரிய இசைக்குழு. தொண்ணூறு வயதைத் தாண்டியும் நீண்ட வெள்ளை முடி ஆட, கையால் மட்டுமில்லாமல் உடம்பு முழுவதாலும் நடத்துவார். 2014 செப்டம்பரில் 96 வயதில் காலமானார். அதற்குப் பிறகு, கிடார் வாசிக்கும் மகன் ஆண்டனி வில்சன் முன்னால் நின்று அதே இசைக்குழுவை நடத்தியதைக் கேட்டேன். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எனக்குப் பக்கத்தில் ஒரு மெக்சிகோ அம்மா, மடியில் பேரன். முதல் சில உருப்படிகளுக்கு அவர் விசிறிக்கொண்டு சும்மா இருந்தார். 'விவா டிராடோ' ஆரம்பித்ததும் பையனை இறக்கிவிட்டு எழுந்தே விட்டார். சுற்றிலும் பார்த்தால் அவர் மட்டும் இல்லை, எதிரே கடை வாசலில் நின்ற பையன்கள்கூடத் தலையாட்டுகிறார்கள். முடிந்ததும் என்னிடம், இது ஈஸ்ட் எல்.ஏ. (மெக்சிகோ வழியினர் நிறைய வாழும் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ்) பாட்டு, எல் சிகானோ குழுவினுடையது என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. 1970இல் எல் சிகானோ வாசித்துத்தான் அது ரேடியோ முழுக்கப் பரவியது. 1990இல் கிட் ஃப்ராஸ்ட் அதை எடுத்து 'லா ராசா' என்று ராப் பாடினார், அந்தக் கடை வாசல் பையன்களுக்குத் தெரிந்தது அதுவாகத்தான் இருக்கும். ஆனால் மெட்டு 1962இல் ஜெரால்ட் வில்சன் எழுதியது. எல்லை தாண்டி மெக்சிகோவின் டிஹுவானாவுக்குப் போய்க் காளைச் சண்டை பார்ப்பதில் அவருக்குப் பைத்தியம். ஹோசே ரமோன் டிராடோ என்ற இளம் மெக்சிகோ வீரருக்காக எழுதினார். வில்சனின் மனைவி ஹோசஃபினாவும் மெக்சிகோ வழி வந்தவர்தான்.

இதையெல்லாம் என் அரைகுறை ஸ்பானிஷில் சொன்னேன். மிசிசிப்பியில் பிறந்த ஒரு கறுப்பின மனிதர் எழுதியதா என்று அந்த அம்மா இரண்டு முறை கேட்டார். மேடைப் பக்கம் திரும்பி, பேரனுக்கு ஆண்டனியைக் காட்டி ஏதோ சொன்னார்.

அந்தத் தெரு ஒரு காலத்தில் கறுப்பின மக்களின் தெரு. வேறு பெரிய ஹோட்டல்களில் அறை தரமாட்டார்கள் என்பதால் டியூக் எலிங்டன் போன்ற ஜாஸ் மேதைகள் வந்து தங்கியது டன்பாரில்தான். இன்று சுற்றுவட்டாரத்தில் பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள். நகரம் காசு போட்டு நடத்தும் நினைவுக் கச்சேரி என்றால் பழைய ஆட்களுக்கான ஒப்புக்குச் சடங்கு என்று நினைத்துப் போனவன் நான். இப்போது குடியிருப்பவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது, அதுவும் யாரும் மேடையேறிச் சொல்லாமலே.

சரி, நீங்கள் சொல்லுங்கள்.

யூசிஎல்ஏ பழைய மாணவி:

அண்ணாச்சி, நான் வில்சனை யூசிஎல்ஏ பல்கலைக்கழக வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன், எங்களுக்குப் பாடம் எடுத்தவர்! எஞ்சினியரிங் படித்த எங்களுக்கு, எளிதாக மார்க் வரும் என்று யாரோ சொல்லி எடுத்த பாடம் அது. பெரிய அரங்கு, அதுவும் நிரம்பி வழியும். ஜாஸ் வரலாறு என்று பெயர். புத்தகத்தில் இருக்கும் ஆட்களைப் பற்றி, அவர்களோடு பஸ்ஸில் போனவர் பேசினால் எப்படி இருக்கும்? 1939இல் ஜிம்மி லன்ஸ்ஃபோர்டின் ஜாஸ் குழுவில் டிரம்பெட்காரராகச் சேர்ந்தவர். பாடகி பில்லி ஹாலிடேயோடு சுற்றுப்பயணம் போனவர். எலிங்டனுக்கும் இன்னொரு பிக் பேண்ட் தலைவரான கவுன்ட் பேஸிக்கும் எழுதிக் கொடுத்தவர். ஒரு இசைத்தட்டை ஓடவிட்டு, நடுவில் நிறுத்தி, இந்த இடத்தில் இரண்டாவது டிராம்போனைக் கேளுங்கள் என்பார். நாங்கள் யாரும் அதுவரை இரண்டாவது டிராம்போனைத் தனியாகக் கேட்டதே இல்லை.

பாடகர் ரே சார்ல்ஸின் 1962ஆம் வருட கன்ட்ரி இசைத் தட்டில் சில பிக் பேண்ட் பாட்டுகளுக்கு இசைக்கோவை செய்தவர் இவர் என்பது எனக்குப் பட்டம் வாங்கிய பிறகுதான் தெரியும். அப்பாவிடம் அந்தத் தட்டு வீட்டில் இருந்தது.

சென்ட்ரல் அவென்யூவில் அவரைக் கேட்டது பிறகு ஒரு கோடையில். கூட்டம் கலையும்போது கிட்டே போய், உங்கள் மாணவி என்றேன். எத்தனை ஆயிரம் பேரில் ஒருத்தி! பெயர் தெரிய வாய்ப்பே இல்லை, ஆனாலும் தெரிந்தவர் மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு, வேலை கிடைத்ததா என்று கேட்டார்.

டிரம்பெட் அப்பா:

என் மகன் பள்ளி பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறான். அவனுக்காகத்தான் போனேன், அப்போது ப்ளூ லைன் என்றிருந்த (இப்போது ஏ லைன்) மெட்ரோ ரயிலில் வெர்னான் ஸ்டேஷன் இறங்கி வெயிலில் நடந்து. பார்க்கிங் தேடுவதற்கு அது தேவலை.

கச்சேரி முடிந்து வாத்தியங்களைப் பெட்டியில் வைக்கும் நேரம், பின்வரிசை டிரம்பெட்காரர் ஒருவர் இவன் கையில் இருந்த உறையைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். மூன்றாவது டிரம்பெட்டுக்கான தாளைக் காட்டினார். தனியாக வாசித்தால் மெட்டே இல்லாத மாதிரி இருக்கும், பக்கத்துத் தாளோடு மோதுகிற மாதிரிகூட இருக்கும். ஆனால் எல்லோரும் சேர்ந்து ஊதும்போது அந்த மோதல்தான் வில்சனின் ஒலி என்று விளக்கினார். சாதாரணமாக பிக் பேண்டில் நாலைந்து சுரங்களை அடுக்கி, மற்ற வாத்தியங்கள் அதையே மேலும் கீழும் இரட்டிப்பார்கள். வில்சன் எட்டுத் தனித்தனிச் சுரங்கள் வரை அடுக்குவார். ஒருவர் தவறவிட்டாலும் இரட்டிக்க ஆள் இல்லை.

மகனுக்கு இது பெரிய விஷயமாகிவிட்டது. மூன்றாவது டிரம்பெட் கொடுத்துவிட்டார்கள் என்று வீட்டில் அழுதுகொண்டிருந்தவன் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

டன்பார் இப்போது முதியோருக்கான குடியிருப்பு. ஜன்னல்களில் சில பாட்டிமார் நின்று கேட்டார்கள். எங்கள் எல்லோரையும்விட நல்ல இடம் அவர்களுக்குத்தான்.

லாங் பீச்காரன்:

கொஞ்சம் மாற்றுக் கருத்து. நினைவுக் கச்சேரி என்றாலே 'விவா டிராடோ' போட்டுக் கைதட்டல் வாங்கிவிடுகிறார்கள். மனிதர் அதற்கப்புறமும் ஐம்பது வருடம் எழுதினார். 'தீம் ஃபார் மான்டெரே' இருக்கிறது, 2009இல் தான் படித்த ஊரான டெட்ராய்ட்டுக்காக எழுதிய தொடர் இருக்கிறது, 2011இல் வந்த கடைசித் தட்டில் ஸ்ட்ராவின்ஸ்கி, டெபுஸி, புச்சினி என்ற ஐரோப்பிய செவ்வியல் இசையமைப்பாளர்களின் மெட்டுகளை எடுத்து என்ன பண்ணியிருக்கிறார் பாருங்கள். எழுபது வயதுக்கு மேல் செய்த வேலை அவ்வளவும். நகரம் பணம் தருகிறது என்றால், காசு கொடுத்து யாரும் கேட்க வராத உருப்படிகளைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். கூட்டம் வரும் பாட்டுக்குத் தனியார் அரங்கே போதும்.

இன்னொன்று. இப்போதைய ஜாஸ் நட்சத்திரம் கமாசி வாஷிங்டன் இளம் வயதில் இந்தக் குழுவில் சாக்ஸபோன் வாசித்தவர். இன்று அவர் மேடையில் டிரம்பெட், டிராம்போன் போன்ற பித்தளை ஊதுகருவிகளின் பெரிய அடுக்கோடு வருவதைக் கேட்கும்போது வில்சன் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரிகிறது. அதுவும் அஞ்சலிதான்.

ஆர்ட்டீசியா அண்ணாச்சி:

தம்பி, டெட்ராய்ட் தொடரைத் தெருவில் முழுதாக வாசித்தால் நானும் முன்வரிசையில் இருப்பேன், அதில் சண்டையே இல்லை. ஆனால் 'விவா டிராடோ'வை எடுக்கச் சொல்லாதீர்கள். அரங்குக்குள் அந்த அம்மா வரமாட்டார். இரண்டையும் வாசிக்க ஒரு மாலை நேரம் தாராளமாகப் போதும், நடுவில் பேசுகிறவர்கள் சுருக்கிக்கொண்டால்.

மாணவி கேட்காமலே சொல்கிறேன், அப்பாவின் தட்டை விற்றுவிடாதீர்கள்.

டிரம்பெட் அப்பா:

அண்ணாச்சி, மகன் கேட்கச் சொன்னான்: வீட்டில் கேட்க எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

லாங் பீச்காரன்:

1962இல் வந்த வில்சனின் தட்டு 'மோமென்ட் ஆஃப் ட்ரூத்'. சரி, அதில் 'விவா டிராடோ' இருக்கிறது, சிரிக்க வேண்டாம். கிடாரில் ஜோ பாஸ். ஹெட்ஃபோன் போட்டு மூன்றாவது டிரம்பெட்டைத் தேடச் சொல்லுங்கள்.